சுவருக்குள் 28 ஆண்டுகள்

பூட்டிய கதவுக்குப் பின்னால் மேசையையும் அலமாரியையும் நகர்த்தி வைத்துவிட்டு, விடியும்வரை விழித்திருப்பது கலவரம் கண்ட எல்லா நாடுகளிலும் மக்கள் செய்த காரியம்தான். லூடோ என்ற பெண் அதோடு நிற்கவில்லை. செங்கல், மணல், சிமெண்டு ஆகியவற்றைத் தானே குழைத்து, தன் வீட்டு வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதையில் ஒரு சுவரை எழுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு சுவர்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு வீடு இருக்கிறது, வீட்டுக்குள் ஒரு பெண்ணும் ஒரு நாயும் இருக்கிறார்கள் என்பது நாளடைவில் யாருக்கும் நினைவில்லாமல் போனது.

அவள் அப்படி வாழ்ந்தது ஒரு வாரமோ ஒரு மாதமோ அல்ல, 28 ஆண்டுகள்!

ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டு எழுத்தாளர் ஜோசே எடுவார்டோ அகுவாலுசா எழுதிய நாவலின் கதை இது. போர்த்துகீசிய மொழியில் 2012-ஆம் ஆண்டு வெளிவந்தது. டேனியல் ஹானின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-இல் வந்த பிறகுதான் உலக வாசகர்கள் பலருக்கு இந்நாவல் அறிமுகமானது. அதன் தலைப்பைத் தமிழில் ‘மறதியின் பொதுக் கோட்பாடு’ என்று சொல்லலாம். தலைப்பைக் கேட்டதும் இது ஏதோ அறிவியல் பாடநூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மிகச் சிறிய அத்தியாயங்கள், மெலிந்த நூல். ஒரு வார இறுதியில் படித்து முடித்துவிடலாம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டுக்குள் அடைந்து கிடப்பது என்றால் என்னவென்று நாம் எல்லாரும் ஓரளவு தெரிந்துகொண்டோம். நமக்குக் கைத்தொலைபேசி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, வாசலில் உணவுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போக ஆளும் இருந்தார்கள். என்றாவது ஒரு நாள் இது முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஓர் அடைப்பைப் பற்றி இந்நாவல் பேசுகிறது. அந்த அடைப்பை அரசாங்கம் விதிக்கவில்லை. அவளே தனக்கு விதித்துக்கொண்டாள்.

நாவலுக்குள் போவதற்குமுன் அந்த நாட்டின் நிலவரத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

மரப்பெட்டிக்குள் போன நகரம்

போர்த்துகீசியர் என்றால் நம் நாட்டு வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மலாக்காவும் அங்குள்ள கோட்டை வாசலும்தான். 1511-இல் மலாக்காவைப் பிடித்த அவர்கள் 1641-இல் அதை டச்சுக்காரர்களிடம் பறிகொடுத்தார்கள். அதே 1641-ஆம் ஆண்டில்தான் அங்கோலாவின் லுவாண்டா நகரத்தையும் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள் என்பது பலரும் அறியாத செய்தி. மலாக்கா அவர்கள் கைக்குத் திரும்பவே இல்லை. லுவாண்டாவை 1648-இல் மீட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் முந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆண்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனும் பிரான்சும் காலனிகளை ஒவ்வொன்றாக விட்டு விலகியபோதும் போர்ச்சுகல் விடவில்லை. 1961-இல் அங்கோலாவில் விடுதலைப் போர் தொடங்கியது. 1974 ஏப்ரல் 25-ஆம் நாள் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் இராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதன்பின் காலனிகளுக்கு விடுதலை என்பது உறுதியாகிவிட்டது. 1975 ஜனவரியில் அங்கோலாவின் மூன்று விடுதலை இயக்கங்களும் போர்ச்சுகலோடு உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் மை காய்வதற்குள் மூன்று இயக்கங்களும் ஒன்றையொன்று சுடத் தொடங்கிவிட்டன. ஒரு பக்கம் தென்னாப்பிரிக்கப் படை வந்தது, இன்னொரு பக்கம் கியூபா வீரர்கள் வந்து இறங்கினார்கள்.

பல தலைமுறைகளாக அங்கே குடியிருந்த போர்த்துகீசியர்கள் மூட்டை கட்டினார்கள். 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் அந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். அப்போது லுவாண்டாவில் தங்கியிருந்த போலந்து நாட்டுச் செய்தியாளர் ரிஸார்ட் கபுசின்ஸ்கி, ஊர் முழுதும் மரப்பெட்டி செய்யும் சுத்தியல் ஓசை கேட்டதையும், கல் நகரத்துக்குள் ஒரு மர நகரம் எழும்பி அது கப்பலேறிப் போனதையும் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1975 நவம்பர் 11-ஆம் நாள் அங்கோலா விடுதலை பெற்றது. விடுதலை அறிவிக்கப்பட்ட நேரத்தில் லுவாண்டாவுக்கு வடக்கே பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்று பற்றிய உள்நாட்டுப் போர், இடையிடையே ஓய்ந்தும் எரிந்தும், 2002 ஏப்ரலில்தான் முடிவுக்கு வந்தது. மொத்தம் 27 ஆண்டுகள்.

லூடோவின் 28 ஆண்டுகளை இந்த 27 ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாவலாசிரியர் போட்ட கணக்கு புரியும். ஒரு நாட்டின் போரையும் ஒரு பெண்ணின் தனிமையையும் அவர் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்.

வானத்தைக் கண்டால் பயம்

லூடோவிக்கா என்பது அவளுடைய முழுப் பெயர். போர்ச்சுகலில் பிறந்தவள். சிறுவயதிலிருந்தே திறந்தவெளி அவளுக்கு ஆகாது. தலைக்குமேல் வானம் விரிந்து கிடப்பதைப் பார்த்தாலே நடுங்குவாள். பெற்றோர் இறந்த பிறகு தங்கை ஒடெட் வீட்டில் அண்டி வாழ்கிறாள். ஒடெட், ஓர்லாண்டோ என்ற சுரங்கப் பொறியாளரை மணந்துகொண்டு லுவாண்டாவுக்குப் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ஓர்லாண்டோவுக்கு வைரச் சுரங்க நிறுவனத்தில் வேலை. குடியிருப்பது பதினோராவது மாடியில், விசாலமான வீடு, பெரிய மொட்டைமாடி, ஆயிரக்கணக்கான புத்தகங்கள். ஊரார் அந்தக் கட்டடத்துக்கு வைத்திருந்த பெயரே, பார்ப்பவர்கள் பொறாமைப்படும்படி வாழ்பவர்களின் கட்டடம் என்று பொருள்படும்.

விடுதலைக்குச் சில நாள்களுக்குமுன், ஊரை விட்டுப் போகும் நண்பர்களுக்கான பிரிவு விருந்து ஒன்றுக்கு ஒடெட்டும் ஓர்லாண்டோவும் கிளம்பிப் போகிறார்கள். திரும்பி வரவே இல்லை. லூடோ இரவெல்லாம் காத்திருக்கிறாள். அடுத்து வருவது ஒரு தொலைபேசி மிரட்டல். ஓர்லாண்டோ பதுக்கி வைத்த வைரங்களைக் கொடு என்கிறது ஒரு குரல். எந்த வைரத்தைப் பற்றியும் அவளுக்குத் தெரியாது. பிறகு ஆள்கள் வந்து கதவை உடைக்கப் பார்க்கிறார்கள். ஓர்லாண்டோ வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து, அவள் கதவின் வழியாகவே சுட்டுவிடுகிறாள். ஒருவன் விழுகிறான், மற்றவர்கள் ஓடிவிடுகிறார்கள். விழுந்தவன் சற்று நேரத்தில் இறந்துபோகிறான். அவனை மொட்டைமாடிப் பூம்பாத்தியில் புதைக்கிறாள். அதன் பிறகுதான் அந்தச் சுவர் எழுகிறது.

இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சுவர் எழுப்பியது கொள்ளைக்காரர்களைத் தடுப்பதற்கு மட்டும்தானா? கொள்ளைக்காரன் வந்தான், உண்மை. ஆனால் அவன் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே லூடோ அந்த நாட்டு மக்களைக் கண்டு பயந்துகொண்டிருந்தாள். அவர்கள் பேசும் பேச்சு அவளுக்குப் புரியாது, புரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. தெருவில் கேட்ட விடுதலை முழக்கம் அவள் காதுக்குக் கூச்சலாகவே விழுந்தது. ஆண்டவர்கள் பக்கத்தில் பிறந்த ஒருத்தி, ஆளப்பட்டவர்கள் எழுந்து நிற்கும்போது அடையும் அச்சம் அது. அகுவாலுசா அதை மறைக்கவும் இல்லை, அதற்காக அவளைத் திட்டவும் இல்லை. அவளுடைய அச்சத்தின் ஆணிவேர் அங்கோலாவில் இல்லை, போர்ச்சுகலில் இருக்கிறது என்பதை நாவலின் பிற்பகுதியில்தான் சொல்கிறார். இளம் வயதில் ஓர் ஆடவன் அவளுக்கு இழைத்த கொடுமை, அதன் விளைவாகப் பிறந்த குழந்தையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது, பெற்ற தகப்பனே அவளைக் கேவலமாகப் பார்த்தது ஆகிய எல்லாம் பின்னால் வருகின்றன. அப்படியானால் அவள் கட்டிய முதல் சுவர் லுவாண்டாவில் கட்டியது அல்ல என்றாகிறது.

அரசியல் கொந்தளிப்பைப் பற்றிய நாவல்களில் பெரும்பாலும் மனிதர்களைத் தனிமைக்குத் தள்ளுவது ஆட்சியாளர்களாக இருப்பார்கள். சிறை, நாடு கடத்தல், தலைமறைவு என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. கொந்தளிப்பு வந்து கதவைத் தட்டுகிறது, உள்ளே ஏற்கெனவே இருந்த பயம் சுவர் வைக்கிறது. இந்நாவலை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான்.

புத்தகத்தை எரித்துச் சமைத்த சோறு

தொடக்கத்தில் வீட்டில் சேமித்து வைத்திருந்த உணவு இருக்கிறது, வானொலி இருக்கிறது. நாள் போகப்போக மின்சாரம் நின்றுவிடுகிறது, குழாய்த் தண்ணீரும் நின்றுவிடுகிறது. மழைநீரைப் பிடித்து வைக்கிறாள். மொட்டைமாடியில் காய்கறி பயிரிடுகிறாள். வானம் என்றால்தான் பயமாயிற்றே! அதனால் மொட்டைமாடிக்குப் போகும்போது அட்டைப்பெட்டி ஒன்றைத் தலைவழியே கவிழ்த்துக்கொள்கிறாள். கண்ணுக்கும் கைக்கும் ஓட்டை. ஓர் அட்டைப்பெட்டி மெல்ல நடந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் காட்சியைச் சிரிக்காமல் படிக்க முடியாது. சிரித்த மறுகணமே மனம் கனத்துப்போகும்.

அடுப்பெரிக்க விறகு? முதலில் மரச் சாமான்கள் போகின்றன. பிறகு புத்தகங்கள். ஓர்லாண்டோவின் நூலகத்திலிருந்து படித்து முடித்ததை எல்லாம் அடுப்பில் வைக்கிறாள். ஒவ்வொரு நூலை எரிக்கும்போதும் தன் உலகம் ஒரு சாண் சுருங்குவது அவளுக்குத் தெரிகிறது. எழுதக் குறிப்பேடு தீர்ந்துபோனதும் கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதுகிறாள். வீட்டுச் சுவர்களே நாட்குறிப்பாகின்றன. கண் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. அவளோடு இருந்த வெள்ளை நாய்க்குப் பேய் என்று பொருள்படும் பெயர். அதுவும் ஒரு நாள் கிழண்டு செத்துப்போகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூச்சுவிடும் ஒரே உயிர் அவள்தான்.

வைரம் தின்ற புறா

பசிக்காகப் புறா பிடிக்கும் பகுதி, நாவலின் சிறந்த பகுதி எனலாம். ஓர்லாண்டோ மறைத்து வைத்திருந்த வைரங்களை லூடோ பின்னர் கண்டுபிடிக்கிறாள். சுவருக்குள் வாழும் ஒருத்திக்கு வைரத்தால் என்ன பயன்? பளபளப்பைக் கண்டு புறாக்கள் வரும் என்று அவற்றைப் பொறியில் இரையாக வைக்கிறாள்! ஒரு நாள் ஒரு புறா சிக்குகிறது. அதன் காலில் சிறிய உருளை, அதற்குள் ஒரு துண்டுக் காகிதம். யாரோ ஒருவர் தம் அன்புக்குரியவருக்கு, நாளை வழக்கமான இடத்தில் சந்திக்கலாம், கவனமாக வா என்று எழுதிய இரண்டு வரிச் செய்தி. அவளுக்கோ பசி. புறாவின் வயிற்றிலோ இரண்டு வைரக் கற்கள். இருந்தும் அதைக் கொல்ல மனம் வரவில்லை. காகிதத்தைத் திரும்ப வைத்துப் பறக்க விட்டுவிடுகிறாள்.

பறந்த புறா ஊருக்குள் வேறு ஒரு பசித்தவன் கையில் சிக்குகிறது. சிறையிலிருந்து தப்பி வந்து தெருவில் ஒளிந்து திரிபவன் அவன். அவனுக்கு இரக்கப்பட நேரமில்லை. புறாவை அறுத்தால் வைரம்! அந்த வைரத்தை வைத்து அவன் முன்னேறுகிறான். பல ஆண்டுகள் கழித்துப் பெரும் பணக்காரனாகி, லூடோ இருக்கும் அதே கட்டடத்தில், அவளுடைய சுவருக்கு மறுபக்கத்திலேயே குடிவருகிறான். தன்னை வாழ வைத்த கைக்கும் தனக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டுமே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. யாரோடும் உறவு வேண்டாம் என்று ஒதுங்கியவள், தனக்கே தெரியாமல் ஓர் ஊரின் கதையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தக் கட்டடத்தின் கதையும் சொல்லத்தக்கது. போர்த்துகீசியர்கள் போன பிறகு சேரிகளிலிருந்து மக்கள் வந்து குடியேறுகிறார்கள், மாடங்களில் கோழியும் ஆடும் வளர்கின்றன. உள்நாட்டுப் போரில் அது சிதைகிறது. எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கியதும் புதுப் பணக்காரர்கள் நுழைகிறார்கள், மீண்டும் பொறாமைப்படத்தக்க முகவரியாகிறது. சமதர்மம் பேசிய நாடு சந்தைக்கு மாறிய வரலாற்றை ஒரு கட்டடத்தின் மாடிப்படிகளிலேயே காட்டிவிடுகிறார் ஆசிரியர்.

மறக்க வேண்டியவர்கள், மறக்கக் கூடாதவர்கள்

லூடோவின் வீட்டுக்குள்ளேயே நாவல் அடங்கிக் கிடப்பதில்லை. ஓர் அத்தியாயம் உள்ளே என்றால் அடுத்த சில அத்தியாயங்கள் வெளியே நடக்கின்றன. சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு போர்த்துகீசியக் கூலிப்படையாள் உயிர் பிழைத்துத் தெற்கே மாடு மேய்க்கும் மக்களோடு கலந்துவிடுகிறான். காணாமல்போனவர்களின் கதைகளைச் சேகரிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு பத்திரிகையாளர் வருகிறார். மோந்தே என்ற இரகசியப் போலீஸ் அதிகாரியும் இருக்கிறார். கைதிகளை விசாரித்துப் பழகிய கை அவருடையது. ஆட்சிக் கொள்கை மாறிய பிறகு அவர் விரும்புவதெல்லாம், தாம் செய்ததை ஊர் மறந்துவிட வேண்டும், தம்மையும் மறந்துவிட வேண்டும் என்பதுதான்.

இங்கேதான் தலைப்பில் உள்ள ‘மறதி’ கனம் பெறுகிறது. தமிழில் மறதி என்றால் நாம் மறப்பது. நம்மைப் பிறர் மறப்பதற்கு ‘மறக்கப்படுதல்’ என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்த்துகீசிய மூலத் தலைப்பிலுள்ள சொல் இரண்டையும் ஒருசேரத் தாங்குகிறது. லூடோ தன் பழைய காயத்தை மறக்கப் பார்க்கிறாள், ஊர் லூடோவை மறந்துவிடுகிறது, மோந்தே ஊரால் மறக்கப்பட ஏங்குகிறார். ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் அடங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடிப்பவை இத்தகைய சொற்கள்தாம்.

இது வெறும் தத்துவ விளையாட்டு அல்ல. 1977 மே 27-ஆம் நாள், அங்கோலாவின் ஆளும் கட்சிக்குள்ளிருந்தே முன்னாள் உள்துறை அமைச்சர் நீத்தோ ஆல்வெஸ் தரப்பினர் கிளர்ச்சி செய்தார்கள். கிளர்ச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த களையெடுப்பில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். எத்தனை ஆயிரம் என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பலருடைய உடல்கூடக் குடும்பத்தாருக்குக் கிடைக்கவில்லை. அந்த நாளைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே பல்லாண்டுகள் மக்கள் அஞ்சினார்கள். 2021 மே மாதத்தில்தான் அதிபர் ஜொவாவ் லோரென்சோ அரசின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இடையில் 44 ஆண்டுகள் ஓடிவிட்டன. லூடோ தன் சுவரை 28 ஆண்டுகள் வைத்திருந்தாள் என்றால், ஒரு நாடே அதைவிட நெடுங்காலம் ஒரு சுவரை வைத்திருந்தது.

மன்னிப்பதற்கு முன்பே மறந்துவிடு என்று பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்வது, உலகெங்கும் ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சுலபமான வழி. இந்நாவல் அந்த வழியில் போகவில்லை. மறதி சிலருக்கு மருந்து என்பதை ஒப்புக்கொள்கிறது. அதே மருந்தைக் குற்றவாளி கேட்கும்போது என்ன செய்வது என்ற கேள்வியையும் நம் முன்னால் வைக்கிறது. மோந்தேயின் முடிவைப் படிப்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கக்கூடும். எத்தனையோ எதிரிகளிடமிருந்து தப்பிய மனிதர், கூரையில் ஏறித் தொலைக்காட்சி அலைவரிசை வாங்கும் வட்டை நூலைச் சரிசெய்யப் போய், அதனாலேயே சாகிறார். நீதிமன்றம் தராத தண்டனையைக் கதாசிரியர் கொடுத்தார் என்று கொள்ளலாம். அல்லது நிஜ வாழ்வில் இத்தகையவர்களுக்குத் தண்டனையே கிடைப்பதில்லை என்று அவர் கசப்போடு சொன்னதாகவும் கொள்ளலாம்.

திருட வந்த பேரன்

28 ஆண்டுச் சுவர் எப்படி உடைந்தது? சமாதான உடன்படிக்கை உடைக்கவில்லை. அரசாங்கமோ, தொண்டு நிறுவனமோ, தேடி வந்த உறவினரோ உடைக்கவில்லை. கட்டடத்துக்குப் பழுது பார்ப்பதற்காகக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி ஒரு சிறுவன் திருட வருகிறான். சபாலு என்று பெயர், ஏழெட்டு வயது, தாயை இழந்து தெருவில் வாழ்பவன். வெள்ளிக் கரண்டி போன்ற சில பொருள்களை எடுத்துக்கொண்டு போகிறான். மீண்டும் வரும்போது, கிழவி தொடையெலும்பு முறிந்து தரையில் கிடப்பதைப் பார்க்கிறான். அவன் ஓடிவிடவில்லை. மருந்து வாங்கி வருகிறான், ரொட்டி வாங்கி வருகிறான், பாட்டி என்று கூப்பிடத் தொடங்குகிறான்.

ஒரு வாழ்நாள் முழுதும் எந்த மக்களைக் கண்டு லூடோ நடுங்கினாளோ, அந்த மக்களின் பிள்ளைகளில் மிகமிக ஏழையான ஒரு பிள்ளை, அதுவும் திருடன், அவளுக்குக் கஞ்சி ஊற்றுகிறான். இந்தக் காட்சியை ஆசிரியர் நீட்டி முழக்கவில்லை. கண்ணீர் வரவழைக்கும் வசனம் எதுவும் இல்லை. தொலைக்காட்சி நாடகமாக இருந்திருந்தால் மூன்று அத்தியாயம் பின்னணி இசையோடு ஓடியிருக்கும்! இங்கே சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது.

பிறகு பக்கத்து வீட்டுப் பணக்காரர், அந்தப் புறா தின்றவர்தான், சுவரை உடைத்துக்கொண்டு வருகிறார். அதை ஒட்டிக் கதையின் பல பாத்திரங்கள் ஒரே நாளில், ஒரே வாசலில் வந்து சந்திக்கிறார்கள். கொலைகாரன், கொல்லப்பட இருந்தவன், வைரம் தேடுபவன், செய்தி தேடுபவன் என எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே கூடிவிடுகிறார்கள். நாவலின் பலவீனம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும். தற்செயல் ஒன்று நடந்தால் நம்பலாம், ஐந்து ஒன்றாக நடந்தால் கதை கட்டியவரின் கை தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் அத்தனை ஆண்டுகள் ஒரு மனித முகமும் காணாத வாசலில் திடீரென்று கூட்டம் கூடுவதில் ஒரு திருவிழாக் களை இருப்பதை மறுக்க முடியாது.

உண்மையா, கற்பனையா?

நூலின் முன்னுரை பலரைக் குழப்பியிருக்கிறது. லூடோ 2010 அக்டோபரில், தம் 85-ஆவது வயதில் லுவாண்டாவில் இறந்தார் என்றும், அவருடைய குறிப்பேடுகளும் சுவர் எழுத்துகளின் படங்களும் தமக்குக் கிடைத்தன என்றும் அதில் அகுவாலுசா எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு இது உண்மைச் சம்பவம் என்று நம்பியவர்கள் ஏராளம். ஆனால் அதே முன்னுரையில், நீங்கள் படிக்கப்போவது முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிடுகிறார். லூடோ அவர் படைத்த பெண். திரைப்படத்துக்காக யோசிக்கப்பட்ட கதை பின்னர் நாவலாக வளர்ந்தது. இந்த வேலை அவருக்குப் புதிதும் அல்ல. ஆட்சி மாற்றத்துக்குப் பின் பணக்காரர்களானவர்களுக்குப் புதிய பூர்வீகம் தயாரித்து விற்கும் ஒருவனை வைத்து ஏற்கெனவே ஒரு நாவல் எழுதி, 2007-இல் பிரிட்டனின் ஒரு முக்கிய மொழிபெயர்ப்பு நாவல் பரிசைப் பெற்றவர் அவர். அதையும் ஆங்கிலத்தில் தந்தவர் டேனியல் ஹான்தான்.

1960-ஆம் ஆண்டு அங்கோலாவின் உவாம்போ நகரில் பிறந்த அகுவாலுசா, போர்த்துகீசிய, பிரேசில் வழிவந்த வெள்ளையர் குடும்பத்தைச் சேர்ந்தவர். விடுதலை வந்தபோது அவருக்கு 14 வயது. ஆகவே லூடோவின் வீட்டு ஜன்னலிலிருந்து தெருவைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதும், தெருவிலிருந்து அந்த ஜன்னலைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதும் அவர் அறியாதவை அல்ல. ஓர் ஆப்பிரிக்க நாட்டின் விடுதலைக் கதையை ஒரு போர்த்துகீசியப் பெண்ணின் வீட்டிலிருந்து சொல்வது நியாயமா என்று கேட்கலாம். அந்த வீட்டிலிருந்து மட்டுமே சொல்லியிருந்தால் நியாயமில்லைதான். வெளியே உள்ளவர்களுக்குப் பாதிக்குமேல் பக்கங்களைக் கொடுத்ததால் நாவல் அந்தக் குறையிலிருந்து தப்பிவிடுகிறது.

2016-இல் மேன் புக்கர் அனைத்துலகப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற இந்நாவல், 2017-இல் டப்ளின் அனைத்துலக இலக்கிய விருதை வென்றது. பரிசுத் தொகை ஒரு இலட்சம் யூரோ. அதில் 75,000 எழுத்தாளருக்கு, 25,000 மொழிபெயர்ப்பாளருக்கு. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடவே தயங்கும் பதிப்பகங்கள் உள்ள உலகில் இந்தப் பங்கீடு கவனிக்கத்தக்கது. ஹான் தமக்குக் கிடைத்ததில் பாதியை, முதல் நூலை மொழிபெயர்ப்பவர்களுக்கான ஒரு பரிசைத் தொடங்கக் கொடுத்துவிட்டார். அகுவாலுசா, தாம் வசிக்கும் மொசாம்பிக் தீவில் ஒரு நூலகம் அமைக்கப்போவதாக அறிவித்தார். புத்தகங்களை எரித்து உயிர் வாழ்ந்த ஒருத்தியின் கதைக்குக் கிடைத்த பணம்!

கடைசியாக லூடோவின் மகள். எடுத்துச் செல்லப்பட்ட அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகி, பெற்ற தாயைத் தேடி எழுதிய கடிதம் ஒன்று அந்தப் பத்திரிகையாளரின் கைக்கு வந்து சேர்கிறது. மகள் லுவாண்டாவுக்கே வந்துவிடுகிறாள். போர்ச்சுகலுக்கு வந்து என்னோடு இருங்கள் என்று அழைக்கிறாள். தன் குடும்பம் இந்தப் பையனும், கீழே முற்றத்தில் நிற்கும் அந்த மரமும், செத்துப்போன நாயின் ஆவியும்தான் என்கிறாள் கிழவி. பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நடப்பதற்குச் சபாலுவின் தோள் வேண்டும். மகள் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறாள். லூடோ லுவாண்டாவை விட்டு வர மறுத்துவிடுகிறாள்.